நீலோற்பலம் என்று நாம் வாங்கும் பூ

கல்கிசை என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது கடல். காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேற்கே திரும்பி, ரெயில் பாதையைக் கடந்து, மணலுக்குப் போய்விடுவார்கள். கிழக்கே திரும்புகிறவர்கள் குறைவு. அப்படித் திரும்பி, வீடுகளையும் கடைகளையும் வாகனம் திருத்தும் கொட்டகைகளையும் தாண்டி இரண்டு மூன்று கிலோமீற்றர் போனால் நிலம் தாழ்ந்து ஈரமாகிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்து, பிறகு கைவிடப்பட்ட வயல்களும் சேர்ந்த அத்திடியச் சதுப்பு அது. வெரஸ் கங்கை அந்தப் பக்கமாகத்தான் பொல்கொட வாவியை நோக்கி அவசரமில்லாமல் போகிறது. 1990 ஜூலையில் இங்கே 372 ஹெக்டேயர் நிலத்தைப் பெல்லன்வில–அத்திடிய சரணாலயமாக அரசு அறிவித்தது.

சதுப்புக்கு அருகிலேயே பெல்லன்வில ரஜமகா விகாரை. போயா நாட்களில் விகாரை வாசல்களில் பூக்கடைகள் நிறைந்திருக்கும். தாமரை, வெள்ளை ஒல்லிப்பூ, அவற்றோடு கத்தையாகக் கட்டிய ஊதா நிறப் பூ. சிங்களத்தில் நில் மானெல் என்றோ தமிழில் நீலோற்பலம் என்றோ கேட்டால் அந்த ஊதாக் கத்தையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நாட்டின் தேசிய மலர் என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பூ. ஆனால் அப்படி நீட்டப்படுவது பெரும்பாலும் தேசிய மலர் அல்ல. அது இலங்கைக்கு உரிய பூவே அல்ல.

1986இல் நீலோற்பலம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அப்போது அதற்குக் கொடுத்த தாவரவியற் பெயர் நிம்ஃபியா ஸ்டெல்லாட்டா. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை தீப்தி யகந்தாவலவும் அவரோடு பணிசெய்த ஆய்வாளர்களும் இலங்கையின் அல்லிகளை ஒவ்வொன்றாக எடுத்து அளக்கத் தொடங்கினார்கள். இதழ் எத்தனை, இலை விளிம்பு எப்படி, கேசரங்களின் வடிவம் என்ன என்று பார்த்தார்கள், டி.என்.ஏ. வரிசைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே பெயரால் அழைக்கப்பட்டவை இரண்டு வெவ்வேறு தாவரங்கள் என்பது அப்போதுதான் துலக்கமாயிற்று. ஒன்று வெளிர் நீலம், அடக்கமான பூ. நம் நீர்நிலைகளில் தானாக வளர்ந்தது. மற்றது அடர்ந்த ஊதா, இதழ் மிகுந்தது. ஆபிரிக்க அல்லிகளின் வழியில் வந்த கலப்பினம். அலங்காரச் செடியாக உள்ளே வந்து, குளங்களில் இறங்கிப் பரவியது. சுவரொட்டியில், வாழ்த்து அட்டையில், பிள்ளைகளின் கொப்பி அட்டையில் தேசிய மலர் என்று பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருந்தது இந்த இரண்டாவது பூதான்.

2015இல் அமைச்சரவை தேசிய மலரின் தாவரவியற் பெயரை நிம்ஃபியா நௌசாலி என்று திருத்த ஒப்புக்கொண்டது. பெயர் மாறியதற்கு ஒரு தொழில்முறைக் காரணமும் உண்டு. ஒரே இனத்துக்கு இரண்டு பேர் தனித்தனியே பெயர் வைத்துவிட்டால், முந்தியது செல்லும், பிந்தியது தள்ளுபடி என்பது தாவரவியலாளர்களின் சட்டம். பர்மன் நௌசாலி என்று பெயரிட்டது 1768இல். வில்டெனோவ் ஸ்டெல்லாட்டா என்றது 1799இல். ஆகவே பர்மனுக்கே உரிமை. இதெல்லாம் காகிதத்தில் முடிந்துவிடுகிற வேலை. பூக்கடையில் எதுவும் மாறவில்லை.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. பார்த்துப் பழக வேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்ப் பூவின் நீலம் மிகவும் மெல்லியது. வெயிலில் பார்த்தால் வெள்ளை என்றே தோன்றும். இதழ்கள் எண்ணிக்கையில் குறைவு, இடையில் வெளி தெரியும்படி விரிந்திருக்கும். இலையின் விளிம்பு பெரும்பாலும் மழுங்கியது, சற்றே நெளிந்தது. ஊதாப் பூவில் இதழ்கள் நெருங்கி அடுக்கியிருக்கும். இலை விளிம்பிலோ கூரான பற்கள் தெளிவாகத் தெரியும். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது. நீரின் ஆழமும் செடியின் வயதும் இலையை மாற்றும். பூவும் இலையும் சேர்ந்து சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தாமரையை இதில் கலக்காமல் இருப்பதும் நல்லது. ஒரே குளத்தில் வளர்கிறது என்பதால் தாமரையும் அல்லியும் அண்ணன் தங்கை என்று நினைக்கிறோம். தாமரைக்கு நெருங்கிய உறவு எது தெரியுமா? மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் கிரெவில்லியா மரம். அல்லி அந்தப் பக்கமே போகவில்லை. பூக்கும் தாவரங்களின் வம்சாவளியை வரைந்தால், அடிமரத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை நியூ கலிடோனியாத் தீவின் அம்பொரெல்லா என்ற செடி; அதற்கு அடுத்ததாகவே அல்லிக் குடும்பம் பிரிகிறது. போர்த்துக்கலில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பாறையில் அல்லி வகைப் பூக்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் நீர் குடித்த குளங்களிலும் இந்தக் குடும்பம் இருந்தது. 2020இல் நிம்ஃபியா கொலொராட்டா என்ற ஆபிரிக்க நீல அல்லியின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பூக்களின் உலகில் அரிதான நீலத்தை அல்லி எப்படிச் செய்கிறது என்பதும் அந்த ஆய்வின் கேள்விகளில் ஒன்று. டெல்ஃபினிடின் என்ற நிறமியின் மீது வேறு மூலக்கூறுகளைக் கோத்து அந்த நிறத்தை அது செய்துகொள்கிறது.

இத்தனை பழைய பூ என்றதும் எளிமையான பூ என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நீலோற்பலம் மூன்று நான்கு நாட்கள் வாழ்கிறது. காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும், மறுநாள் மீண்டும் விரியும். இதே அல்லிக் குலத்தில் ஒல்லி இதற்கு நேர்மாறு: இரவில் விரிந்து காலையில் மூடும். விற்பவர்கள் கூம்பிய நீலோற்பலத்தின் இதழ்களை விரலால் மடித்து விரித்துவிடுவது அதனால்தான். பிற்பகலில் வாங்குகிறவருக்கு இல்லாவிட்டால் மொட்டுத்தான் கிடைக்கும்.

முதல் நாள் அது பெண் பூ. நடுவிலுள்ள சூல்முடி ஒரு குழிந்த கிண்ணமாக இருக்கும். அதில் இனிப்புக் கலந்த திரவம் தேங்கியிருக்கும். சுற்றிலும் கேசரங்கள் நிமிர்ந்து நிற்கும், ஆனால் மகரந்தத்தை இன்னும் வெளியே விட்டிருக்காது. வேறொரு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் சிறு தேனீ வழுக்கி உள்ளே விழும். அதன் உடம்பிலிருந்த மகரந்தம் திரவத்தில் கழுவப்பட்டு அடியில் இறங்கும். சூல்கொள்ளல் அங்கே நடக்கிறது. சில தேனீக்கள் தப்பித்துப் பறக்கும். சில மூழ்கிச் சாகும். பக்திப் பாடல்களில் வருகிற பூவின் குணம் இது என்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது.

இரண்டாம் நாள் கிண்ணம் வற்றிவிடும். உள்வட்டக் கேசரங்கள் வளைந்து அதை மூடிக்கொள்ளும். இப்போது மகரந்தப் பைகள் வெடிக்கின்றன, பூ ஆணாகிறது. வருகிற தேனீக்கள் விழாமல் மகரந்தத்தோடு பத்திரமாகத் திரும்பும். ஒரே பூவுக்குள் பெண் முந்தி, ஆண் பிந்தி. தன் மகரந்தத்தால் தானே விதை கட்டாமல், அயல் பூவின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் ஏற்பாடு. பரம்பரைக்குப் புது இரத்தம் வந்துகொண்டே இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அந்த அயல் பூ எது என்பதுதான் இன்றைய பிரச்சினை. குளத்தில் பத்து நீலோற்பலத்துக்கு நடுவே நூறு ஊதாப் பூ நின்றால், முதல் நாள் பூவுக்குள் விழும் தேனீ எந்த மகரந்தத்தைச் சுமந்து வந்திருக்கும்? நீலோற்பலமும் ஆபிரிக்க நீல அல்லிகளும் ஒரே உபபேரினத்தைச் சேர்ந்தவை, பகலில் பூப்பவை, ஒன்றோடொன்று கலக்கக் கூடியவை. தோட்டக் கலப்பினங்களில் பலவற்றின் மகரந்தம் மலடு. அப்படி மலடாக இருந்தால் நீலோற்பலத்தின் முதல் நாள் வீணாகிறது. அதற்கு முதல் நாள் ஒன்றுதான் உண்டு. வளமாக இருந்தால் இன்னும் மோசம்: பிறப்பது நீலோற்பலமும் இல்லை, அயலானும் இல்லை. செடியை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒன்றை நட்டாலே போதும்.

பூ வாடியபின் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. காம்பு வளைந்து காயை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. காய் சேற்றுக்கு அருகில் முற்றி, மென்மையாகி, உடைந்து நூற்றுக்கணக்கான சிறு விதைகளை விடும். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் காற்று அடைத்த ஒரு மெல்லிய உறை இருக்கும். அதன் உதவியால் விதை கொஞ்ச நாள் மிதந்து தள்ளிப்போய், உறை அழுகியதும் அமிழ்ந்துவிடும். குளம் வற்றினால் மேலே உள்ளதெல்லாம் கருகும். கிழங்கும் விதையும் சேற்றில் கிடக்கும். மாரி வந்து தண்ணீர் நிறைந்ததும் மீண்டும் துளிர்க்கும். ஆண்டில் பாதி வறண்டு கிடக்கும் வன்னிக் குளங்களில் அல்லி பிழைத்திருப்பது இந்த உபாயத்தால்தான். மட்டக்களப்புப் பக்கம் ஒல்லிக்கிழங்கை அவித்துத் தின்றவர்களுக்கு, சேற்றுக்குள் இந்தச் செடிகள் எவ்வளவு மாப்பொருளைச் சேமித்து வைக்கின்றன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சேற்றில் பிராணவாயு கிடையாது. அங்கே கிடக்கும் கிழங்கு மூச்சுவிடுவது எப்படி? இலைக்காம்பை ஒடித்தால் உள்ளே நீளவாட்டில் குழாய்கள் ஓடுவதைப் பார்க்கலாம். இலைவாய்கள், தரைச் செடிகளுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில் அதிகம் இருப்பதற்கு மாறாக, இலையின் மேற்பக்கத்தில் இருக்கின்றன. கீழே தண்ணீர் அல்லவா. 1980இல் ஜோன் டேசி என்ற அமெரிக்க ஆய்வாளர் அல்லிக் குடும்பத்து மஞ்சள் நூஃபாரில் இந்தக் குழாய்களுக்குள் ஒரு காற்றோட்டம் இருப்பதைக் காட்டினார். வெயில் பட்ட இளம் இலைக்குள் அழுத்தம் கூடி, காற்று காம்பு வழியே கிழங்குக்கு இறங்குகிறது. அங்கிருந்து முதிய இலைகளின் காம்பு வழியே வெளியேறுகிறது. ஒரு இளம் இலை நாளொன்றுக்கு 22 லீற்றர் வரை காற்றை உள்ளே தள்ளுவதாக அவர் அளந்தார். வெயில் இலையில் பட்டால்தான் சேற்றில் இருக்கும் கிழங்குக்கு மூச்சு.

இப்படிப்பட்ட ஒரு செடிக்குத் தேவை என்ன? ஆழமில்லாத, அசையாத அல்லது மெல்ல அசையும் நன்னீர். மேலே மூடாத வானம். முளைக்கும் விதைக்கு வெளிச்சம் எட்டும் அளவு தெளிவு. அள்ளிச் சுத்தமாக்கப்படாத சேறு. கொழும்பைச் சுற்றிய தாழ்நிலங்களில் ஒரு காலத்தில் இவை நான்கும் தாராளமாக இருந்தன. இன்று எந்த ஓரத்தில் பார்த்தாலும் மண் லொறி நின்ற தடம் தெரியும். ஈர நிலம் என்றால் வெற்றிடம் என்று எண்ணும் பழக்கம் நமக்கு. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றபோதுதான் அந்த வெற்றிடங்கள் தண்ணீரை வைத்திருக்கும் இடங்கள் என்று பலருக்கு உறைத்தது. 2018இல் கொழும்பு, ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதலில் பெற்ற 18 நகரங்களில் ஒன்றாயிற்று. பெருமைதான். ஆனால் சான்றிதழ் கிடைத்ததால் வெரஸ் கங்கையில் கலக்கும் கழிவுநீர் நின்றுவிடவில்லை.

கழிவுநீர் என்பது உரம். உரம் கூடிய நீரில் எது வேகமாக வளருமோ அது மேற்பரப்பை மூடும். ஆற்றுவாழை மூடும், சல்வீனியா மூடும். இரண்டும் அன்போடு அழைத்து வரப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. ஆற்றுவாழை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பூவின் அழகுக்காக வந்தது. 1909இலேயே அதைத் தடைசெய்ய இலங்கையில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் கொழும்பில் மாணவர்களுக்குக் காட்ட ஒரு தாவரவியல் துறைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் வயல்களை விழுங்கியது. சதுப்பின் கரைகளில் இன்று அடர்ந்து நிற்கும் வெல் அத்தா என்ற காட்டு அன்னமுன்னாவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஒட்டுக்கட்டைக்கு நல்லது என்று யாரோ நினைத்ததன் விளைவு.

ஊதா அல்லியின் கதையும் இந்த வரிசையில்தான் வருகிறது, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. ஆற்றுவாழையை எல்லோரும் திட்டுகிறோம். ஊதா அல்லியைக் கும்பிடுகிறோம். ஆபிரிக்க நீல அல்லிகளுக்கு மனிதர் மயங்கியது இன்று நேற்றல்ல. 1922இல் திறக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறையிலும் நைல் நதியின் நீல அல்லி இதழ்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கண்ணாடி வீடுகளில் வெந்நீர்த் தொட்டி கட்டி, வெப்பநாட்டு அல்லிகளை ஒன்றோடொன்று கலந்து புதிய நிறங்களை உண்டாக்கினார்கள். பெரிய பூ, அடர்ந்த நிறம், அதிக இதழ், நீண்ட காலப் பூப்பு. தோட்டக்காரன் தேடியது இவற்றையே. அதற்கெனவே தெரிவுசெய்யப்பட்ட செடி, தானாக வளர்ந்த ஒரு வெளிர் பூவோடு பக்கத்தில் நின்றால், நம் கண் எதை எடுக்கும்? பூ விற்கிறவர் குற்றவாளி அல்ல. நிறம் கூடிய கத்தை முதலில் விற்றுத் தீரும். அவர் அடுத்த முறை அதையே வளர்ப்பார், அதன் கிழங்கையே அடுத்த குளத்தில் போடுவார்.

தமிழர் வீட்டிலும் இதே கதைதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கும்போது ஆம்பலையும் குவளையையும் நெய்தலையும் தனித்தனியாக எண்ணுகிறார். எது எந்தச் செடி என்று இன்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். கரையோரத் திணைக்கே பெயர் தந்த நெய்தலை நிம்ஃபியா நௌசாலியோடு சேர்ப்பவர் பலர். அப்படியானால் மேற்கே கடலும் கிழக்கே சதுப்புமாக இருக்கும் கல்கிசை, இலக்கணப்படியே நெய்தல் நிலம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எத்தனையோ வீட்டு முற்றங்களில் சிமெந்துத் தொட்டியில் நீல அல்லி வளர்க்கிறார்கள். நேர்சரியில் நீலோற்பலம் என்றே எழுதி விற்பார்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், இலை விளிம்பில் வரிசையாகப் பற்கள்.

தொட்டியில் இருக்கும்வரை அதனால் கேடில்லை. ஆசையாக வாங்கியதைக் குப்பையில் போடவும் தேவையில்லை. கேடு வருவது வீடு மாறும்போதும் தொட்டி உடையும்போதும்தான். செடியைக் கொல்ல மனமில்லாமல் அருகிலுள்ள கால்வாயிலோ குளத்திலோ விட்டுவிடுகிறோம். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற காரியம். வேண்டாத செடியை வெயிலில் காயப்போட்டு உரக்குழியில் போடுங்கள். கிழங்கு முழுதாகக் காய்ந்ததா என்று அழுத்திப் பாருங்கள். உள்ளூர்ச் செடியை வளர்க்க விரும்புகிறவர் காட்டுக் குளத்தில் இறங்கிக் கிழங்கைத் தோண்டக்கூடாது, சரணாலயத்துக்குள் அது சட்டப்படியும் குற்றம். தெரிந்தவர் தொட்டியில் முற்றிய வெளிர் நீலப் பூவின் காயிலிருந்து விதை வாங்கலாம். விதையை உலர்த்தி வைக்காதீர்கள். தண்ணீரிலேயே போட்டு வையுங்கள்.

குளத்தில் ஏற்கெனவே இறங்கிவிட்ட ஊதாவை என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. பூவை மட்டும் பறித்தால் பயனில்லை. இலையை வெட்டினாலும் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். இயந்திரம் இறக்கிச் சேற்றை வாரினால் ஊதாக் கிழங்கோடு சேர்ந்து, அடியில் பல பருவமாகக் காத்துக் கிடக்கும் நீலோற்பல விதைகளும் கரையேறிவிடும். நகரசபைகள் குளம் தூர்வாரும் போதெல்லாம் இதுதான் நடக்கிறது. இலை விளிம்பு பார்க்கத் தெரிந்த ஆட்கள் முழங்கால் நீரில் இறங்கி, செடி செடியாக அடையாளம் கண்டு, கிழங்கோடு கையால் பிடுங்க வேண்டும். பூப்பதற்கு முன்பே செய்தால் நல்லது. அடுத்த மழைக்குப் பிறகு மீண்டும் இறங்கிப் பார்க்க வேண்டும்.